மாசியில் 14 யூனிட், கத்திரி வெயிலில் 12: பேனல் போலியா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். பொங்கல் கழித்து மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு, தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு. பிப்ரவரியில் நாளுக்குச் சராசரி 14 யூனிட் வந்தது. மே மாதம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் 12-ஐத் தாண்டவில்லை. போலி பேனலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இதில் ஒரு வேடிக்கை. உச்சி வெயிலில்கூட ஆப்பில் 2.4 கிலோவாட்டுக்கு மேல் காட்டாது. ஒரு நாள் மதியம் கோடை மழை கொட்டி நின்று, சுள்ளென்று வெயில் அடித்தபோது மட்டும் 2.9 காட்டியது. அப்படியானால் தினம் மத்தியானம் பேனல்மேல் தண்ணீர் பீய்ச்சலாமா? பிளஸ் டூ படிக்கும் பேத்தி, ‘சூடு எப்படித் தாத்தா கரண்ட் ஆகுது?’ என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே இருக்கும் சரக்கு எத்தனை வருடத்தில் தீரும்? கரண்ட் கட் ஆனால் பட்டப்பகலில் ஃபேன் நின்றுவிடுகிறதே, ஏன்? கன்னி மூலையில் இருக்கும் தண்ணீர் டேங்கின் நிழல் சாயங்காலம் ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது. அது பெரிதில்லை என்றார் போட்டுக் கொடுத்தவர்.

பதில்:

வணக்கம் ஐயா.

நீங்கள் தந்த கணக்கை வைத்துப் பார்த்தால் பேனலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பது தமிழ்நாட்டில் வருடச் சராசரியாக நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் 3.24 கிலோவாட்டுக்கு அது 13 யூனிட் பக்கம் வரும். நீங்கள் அதற்கு இரண்டு பக்கமும்தான் இருக்கிறீர்கள். இருந்தும் மனம் கேட்கவில்லை என்றால், பேனலில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை விற்றவர் தந்த சோதனை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கியிருந்தால், பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆவணம் கேட்டால் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

யூனிட் குறைந்ததற்குக் காரணத்தை உங்கள் கடிதமே பாதி சொல்லிவிட்டது. மழை விட்டதும் 2.9 காட்டியதே, அதுதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள முதலில் பேத்தியின் கேள்வியைச் சரி செய்ய வேண்டும்.

சூடு கரண்ட் ஆவதில்லை. சூட்டை வாங்கிக்கொள்வது குளிக்க வெந்நீர் தரும் சோலார் ஹீட்டர். மாடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே வேலை செய்வதாக நினைத்துவிடுகிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும். சூடு அதற்கு ஆகாது.

பேனலுக்குள் கருநீலமாகத் தெரிபவை செல் எனப்படும் சிலிக்கான் தகடுகள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஒவ்வொரு சிலிக்கான் அணுவின் வெளிச்சுற்றிலும் நான்கு எலக்ட்ரான்கள், நான்கும் பக்கத்து அணுக்களோடு பிணைந்து கிடக்கின்றன. பிணைந்த எலக்ட்ரான் நகராது, நகராவிட்டால் கரண்ட் இல்லை. பிணைப்பை அவிழ்க்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். வெளிச்சமோ ஃபோட்டான் என்ற தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது. சிவப்பு ஃபோட்டான் ஒன்றில் 1.8 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கும், நீல ஃபோட்டானில் 2.7 அளவுக்கும் ஆற்றல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதி 1.12-க்கும் கீழே நின்றுவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டில் கலர் பல்பு சுற்றும் எடை மெஷின் இருந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் போட்டால் ஒரு சீட்டு. எட்டணாவை எத்தனை முறை போட்டாலும் சீட்டு வராது. ஐந்து ரூபாய் போட்டாலும் அதே ஒரு சீட்டுதான், சில்லறை திரும்பி வராது. சிலிக்கானும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. ஆற்றல் போதாத ஃபோட்டான்கள் கோடிக்கணக்கில் வந்தாலும் ஒரு எலக்ட்ரானைக்கூட அவிழ்க்காது. நீல ஃபோட்டான் ஒரே ஒரு எலக்ட்ரானை அவிழ்க்கும், அதில் மிஞ்சுகிற ஆற்றல் அணுக்களை உலுக்கிச் சூடாகிவிடும். சூரிய ஒளியின் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போதாத காசாகவும், மூன்றில் ஒரு பங்கு திரும்பி வராத சில்லறையாகவும் போகிறது. மீதியிலும் கொஞ்சம் தவிர்க்க முடியாத இழப்பு. எல்லாம் கழித்து, இப்படி ஒரே பொருளால் ஆன செல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரண்டாக மாற்ற முடியாது என்று ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 முதல் 23 சதவீதம்.

ஆக, பேத்தி கேட்டதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. கரண்ட் ஆக்க முடியாத வெளிச்சத்தையெல்லாம் பேனல் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் 540 வாட் பேனலின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர். உச்சிப் பொழுதில் அதன்மேல் விழுவது 2,600 வாட். 500 சொச்சம் கம்பியில் இறங்குகிறது, கொஞ்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, மற்றதெல்லாம் பேனலைச் சுடுகிறது.

அவிழ்ந்த எலக்ட்ரானை அப்படியே விட்டால், நொடியில் மிகச் சிறு பங்குக்குள் மறுபடி ஏதாவது ஒரு காலியிடத்தில் போய் விழுந்துவிடும். அதற்குள் அதை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். எப்படி இழுப்பது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நடுவில் விரிசல் விட்ட ஒரு துண்டில் விளக்கொளி பட்டால் வோல்டேஜ் எகிறியது. பார்த்தால், விரிசலுக்கு ஒரு பக்கம் கலந்திருந்த மாசு ஒரு வகை, மறுபக்கம் வேறு வகை. இப்போது அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். ஒரு பக்கம், பல லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் போரான், மறுபக்கம் பாஸ்பரஸ். பாஸ்பரஸுக்கு வெளிச்சுற்றில் ஐந்து எலக்ட்ரான், அதனால் அந்தப் பக்கம் எலக்ட்ரான் மிச்சம். போரானுக்கு மூன்று, அதனால் அந்தப் பக்கம் காலியிடம் மிச்சம். பாடப்புத்தகத்தில் துளை என்பது இந்தக் காலியிடத்தைத்தான். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மிச்ச எலக்ட்ரான்கள் தாண்டிப்போய்த் துளைகளை அடைக்கின்றன. அப்படிப் போனதால் எல்லையின் ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. இவற்றுக்கு நடுவே உருவாவதுதான் மின்புலம். பிளஸ் டூ இயற்பியலில் குறைக்கடத்திப் பாடத்தில் படம் போட்டிருக்கும், பேத்தியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிச்சம் அவிழ்த்த எலக்ட்ரானை அந்தப் புலம் பாஸ்பரஸ் பக்கம் தள்ளுகிறது, துளையை போரான் பக்கம் தள்ளுகிறது. எலக்ட்ரான் நேரே திரும்பி வர முடியாது. செல்லின்மேல் முடி போலத் தெரியும் வெள்ளிக் கோடுகளில் ஏறி, கம்பி வழியே, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்குப் போய், வேலையைச் செய்துவிட்டுப் பின்பக்கமாக வந்து துளையோடு சேர்கிறது. ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். அதனால்தான் பலவற்றைத் தொடராகக் கோத்து ஒரு பேனலில் 41 வோல்ட், ஆறு பேனலில் 250 வோல்ட் என்று ஏற்றுகிறோம்.

சரக்கு எப்போது தீரும் என்றீர்கள். இந்தச் சுற்றில் எதுவும் செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். போன எலக்ட்ரான் திரும்பி வந்துவிட்டது, சிலிக்கான் அப்படியே இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வோல்டேஜ் எழுவதை பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் 1839-லேயே பார்த்துவிட்டார். உபயோகத்துக்கு ஆகும் சிலிக்கான் செல் பெல் ஆய்வகத்தில் 1954-இல் வந்தது, அதன் திறன் சுமார் 6 சதவீதம். நான்கு வருடம் கழித்து வான்கார்டு 1 என்ற சிறு செயற்கைக்கோளை அமெரிக்கா அனுப்பியபோது அதில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள், ஒன்று பேட்டரியில், ஒன்று சோலார் செல்லில். பேட்டரி 1958 ஜூனிலேயே தீர்ந்தது. சோலாரில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. உங்கள் பேனலில் வருடத்துக்கு அரை சதவீதம் போலத் திறன் குறையும். அதுவும் எதுவும் தீர்வதால் இல்லை. சாலிடர் இணைப்பு தளர்வது, உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் மங்குவது, ஈரம் புகுவது என்று எல்லாம் உடம்புத் தேய்மானம். இடையில் ஒரு தடவை இன்வெர்ட்டரை மாற்ற நேரலாம், பேனல் 25 வருடம் தாண்டும்.

இனி மே மாதத்துக்கு வருவோம். லேபிளில் உள்ள 540 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்க, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் பட்டால் வருவது. தொழிற்சாலையில் கண் இமைக்கும் நேரம் விளக்கைப் பளிச்சிட்டு அளக்கிறார்கள், அதனால் செல் சூடேற நேரமில்லை. நம் மாடியில் அந்த நிலை வரவே வராது. நல்ல வெயிலில் செல்லின் சூடு காற்றின் சூட்டைவிட 30 டிகிரி அதிகம் இருக்கும். மே மாதம் காற்று 39 என்றால் செல் 70-ஐத் தொடும். சூடு ஏறினால் வெளிச்சத்தின் தயவு இல்லாமலே எலக்ட்ரான்கள் தாமாக அவிழ ஆரம்பிக்கும். கேட்க நல்ல சேதி மாதிரி இருக்கும். ஆனால் இவை இரு பக்கமும் கலந்து, பிரித்து வைத்ததையெல்லாம் மறுபடி சேர்த்துவிடுகின்றன. செல்லின் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குகிறது. மொத்த உற்பத்தியில் டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வையுங்கள், 25-க்கு மேல் 45 டிகிரிக்கு 16 சதவீதம் போய்விட்டது.

இதை நீங்களே பார்க்கலாம். ஆப்பில் டி.சி. வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும். நல்ல வெயில் நாளில் காலை எட்டு மணிக்கு அதைக் குறித்து வையுங்கள், மதியம் ஒரு மணிக்கு மறுபடி பாருங்கள். காலையில் 235, 240 இருந்தது மதியம் 215 பக்கம் இறங்கியிருக்கும். பக்கத்து வரியில் ஆம்பியர் மட்டும் பல மடங்கு ஏறியிருக்கும். வெளிச்சம் ஆம்பியரை ஏற்றுகிறது, சூடு வோல்டேஜை இறக்குகிறது. மழை விட்ட அந்த அரை மணி நேரத்தில் பேனல் குளிர்ந்திருந்தது, தூசி கழுவிப் போயிருந்தது, காற்றும் தெளிந்திருந்தது. மேக விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளியும் நேர் வெயிலோடு சேர்ந்திருக்கும். 2.9 வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் சூட்டின்மேல் போடுவதும் சரியில்லை. சோலார் விற்பவர்கள் பலரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிப்ரவரி மதியத்திலும் உங்கள் ஊரில் 31 டிகிரி இருக்கிறது, செல் 61-க்குப் போகிறது. அப்போதே 13 சதவீதம் போய்க்கொண்டுதான் இருந்தது. பிப்ரவரிக்கும் மேக்கும் நடுவில் சூட்டால் வந்த வித்தியாசம் 3 சதவீதம்தான். உங்களுக்குக் குறைந்தது 14 சதவீதம். மீதி எங்கே?

சூரியன் இடம் மாறிவிட்டது. சித்திரை முதல் நாளை ஒட்டி அருப்புக்கோட்டையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதியம் 12.18 வாக்கில் குச்சியை நட்டுப் பார்த்தால் நிழல் அடியிலேயே இருக்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே போகிறது. பேனலோ தெற்கே சாய்ந்து நிற்கிறது. இந்தக் கோண வித்தியாசத்தில் நடுப்பகலில் 3, 4 சதவீதம் போகும், மே கடைசியில் 5. வருடம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தெற்குச் சாய்வுதான் லாபம், அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவு. பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவுக்குள் பூமியை எட்டும் வெளிச்சம் 4, 5 சதவீதம் குறைந்துவிடுகிறது. கத்திரி வெயில் தூரத்திலிருந்துதான் நம்மை வாட்டுகிறது. மிச்சம் இருக்கிற சொச்சம், மூன்று மாதத் தூசியும் வானத்தில் வெள்ளையாகத் தெரியும் மூட்டமும்.

தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம். 70 டிகிரியில் காயும் கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே மெல்லிய செல்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். அரை மணி நேரம் யூனிட் கூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், அவ்வளவுதான். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலமாகப் பிடித்துவிட்டால் அதைச் சுரண்டவும் முடியாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடிகாலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது நல்ல தண்ணீர் ஊற்றி மெத்தென்ற துணியால் துடையுங்கள். சோப்புப் பொடி வேண்டாம்.

கரண்ட் கட் விஷயத்தில் இன்வெர்ட்டர் பழுது இல்லை. நெட் மீட்டரோடு (மின்வாரிய லைனுக்குப் போகும் கரண்டையும் அங்கிருந்து வரும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) இணைந்த இன்வெர்ட்டர் மின்வாரிய லைனின் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் துடிப்பையும் பார்த்துத்தான் ஓடும். லைனில் சப்ளை நின்றால் உடனே தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் மாடிக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும், சப்ளை இல்லை என்று நம்பி லைன்மேன் அதில் கை வைப்பார். பகலிலும் ஃபேன் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். மாதம் ஒரு நாள் பராமரிப்பு மின்தடைக்காக அவ்வளவு செலவு தேவையா என்பது என் சந்தேகம். பழைய வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் அதுவே போதும்.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது நீங்கள் கடைசியாக எழுதிய டேங்க் நிழல். அது பெரிதில்லை என்று போட்டவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செல்கள் தொடரில் இருக்கின்றன என்றேன். தொடரில் எல்லாச் செல்லிலும் ஒரே அளவு ஆம்பியர்தான் ஓட முடியும். ஒரு செல் நிழலில் மாட்டினால் அதனால் அந்த ஆம்பியரைத் தர முடியாது, ஆனால் மற்றவை அதன் வழியே தள்ளப் பார்க்கும். அப்போது அந்தச் செல் மின்சாரம் தருவதை விட்டு மின்சாரத்தைத் தின்ன ஆரம்பிக்கும், தின்றதெல்லாம் ஒரே இடத்தில் சூடாகும். இதைத் தவிர்க்கத்தான் பேனலின் பின்னால் உள்ள கறுப்புப் பெட்டியில் மூன்று டையோடு வைத்திருக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போக அவை வழி விடும். உள்ளங்கை அளவு நிழலுக்கு பேனலில் மூன்றில் ஒரு பங்கு வரை வேலை நிறுத்தம். அந்த இழப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே இடத்தில் நிழல் விழுவதும், டையோடு வருடக்கணக்கில் அந்தப் பாரத்தைச் சுமப்பதும்தான் கவலை. டையோடு போனால் செல் கருகிப் பழுப்பாகும், கண்ணாடியும் விரியலாம். வாரக்கணக்கில் காயும் காக்கை எச்சம்கூட இதே வேலையைச் செய்யும்.

மே மாதத்தில் நிழல் ஓரத்தோடு நிற்கிறது என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். இப்போது மாலைச் சூரியன் மேற்குக்கும் சற்று வடக்கே இருக்கிறது, டேங்க் நிழல் கிழக்கே தள்ளி விழுகிறது. கார்த்திகை, மார்கழியில் அது தென்மேற்கில் தாழ்ந்து நிற்கும். கன்னி மூலை டேங்கின் நிழல் அப்போது வடகிழக்கே, நீளமாக, பேனல்களின் மேலேயே சாயும். மதியம் மூன்று மணிக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு இப்போது 90 சென்டிமீட்டர் நிழல் என்றால், டிசம்பரில் 1.25 மீட்டருக்கும் மேல். நீங்கள் பேனல் போட்டது பொங்கலுக்குப் பிறகு என்பதால் அந்த நிழலை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

டேங்கை நகர்த்துவது வாஸ்துவும் பிளம்பிங்கும் சேர்ந்த தலைவலி. பேனல் போட்டவரைக் கூப்பிட்டு, மேற்கு ஓரத்துப் பேனலைக் கழற்றிக் கிழக்கு ஓரத்தில் மாட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்டாண்டைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், வயரும் சில மீட்டர் கூடும். மாட்டும் முன்பு, டிசம்பர் மதியம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று மொபைலில் சூரியன் போகும் வழி காட்டும் ஏதாவது ஓர் ஆப்பை வைத்து உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.